ஐந்நூறில் ஒன்று

தையற்காரர் கடைகளிலும், மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பிய சாமான்களின் நடுவிலும், கறுத்த உடலும் பொன்னிறப் பூவேலையுமாக நின்ற ஸிங்கர் தையல் யந்திரத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் மிதிகட்டையின் தாளம் நினைவுக்கு வருமேயன்றி வெடிமருந்தின் நெடி நினைவுக்கு வராது. ஆயினும் அதே கம்பெனி, அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து எலிஸபெத் நகரில், அந்நாடு இரண்டாம் உலக யுத்தத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னர், ராணுவத்துக்காக ஐந்நூறு கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. சமாதான காலத்துப் பண்டங்களைச் செய்து பழகிய தொழிற்சாலைகள் யுத்தம் மூண்டபின் ஆயுதம் செய்யக் கற்றுக்கொள்வதென்றால் காலம் கடந்துவிடும் என்று கருதிய அரசாங்கம், ‘பயிற்சி உத்தரவு’ என்ற பெயரில் சில கம்பெனிகளுக்குச் சிறு சிறு வேலைகளை முன்கூட்டியே ஒப்படைத்தது. 1940-இல் ஸிங்கருக்குக் கிடைத்த அத்தகைய உத்தரவின் பயனே, ‘எஸ்’ என்னும் எழுத்தைத் தொடர்ந்து 800001 முதல் 800500 வரை எண் பொறிக்கப்பட்ட இந்த ஐந்நூறும். அவை பெரும்பாலும் ராணுவ விமானப் படையினர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்பின் ஸிங்கர் கம்பெனியை, விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துத் தரும் நுட்பமான யந்திரங்களைச் செய்யும்படி மாற்றிவிட்டார்கள்; துப்பாக்கி வேலை டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டுக்கும், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் கம்பெனிக்கும், வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்காவுக்கும் போயிற்று. ரெமிங்டன் ராண்ட் மட்டுமே எட்டு லட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்தது.

ஆகவே, ஜான் பிரௌனிங் என்னும் மகா மேதையின் சிந்தனையில் உருவாகி, 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த .45 பிஸ்டலில், லட்சக்கணக்கானவற்றின் நடுவே ஐந்நூறு மாத்திரம் தையல் யந்திரக் கம்பெனியின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. சேகரிப்போர் அவற்றை அபூர்வ ரத்தினங்களாக மதிக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை ஒரு லட்சம் டாலரையும் தாண்டிவிடுகிறது. அமெரிக்காவில் ஒருவருக்கு, விமானப் படையில் பணிபுரிந்த பாட்டனாரின் பெட்டிக்குள்ளிருந்து அத்தகைய பிஸ்டல் ஒன்று கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அதை வைத்திருக்கவும் சுடவும் அவருக்கு உரிமை உண்டு. கையில் எடுத்ததும் அவர் மனத்தில் எழும் முதல் ஆசை, அதை ஒரு முறையாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான். அந்த ஆசையில் குற்றம் ஒன்றுமில்லை. இயங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு யந்திரம் இயங்குவதைக் காண விரும்புவது மனித இயல்பு. ஆனால் அந்த ஒரு முறை, இரும்பையும் எஃகையும் என்ன செய்கிறது என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்த்த பின்னரே விசையின்மேல் விரலை வைக்க வேண்டும்.

ஒரு குண்டு புறப்படும்போது நடப்பது என்ன? தோட்டாவின் அடியில் ஊசி குத்தியதும் அங்குள்ள பற்றவைக்கும் மருந்து தீப்பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தை எரியச் செய்கிறது. எரிந்த மருந்து வாயுவாக மாறி, நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது. பதினைந்து கிராமுக்குச் சற்றே குறைந்த எடையுள்ள குண்டு, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்துக்குள் ஐந்து அங்குலக் குழலைக் கடந்து, வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குழலின் மேற்புறத்திலுள்ள வரப்புகள், அதன்மேல் உறையைப்போல் கவிந்து முன்னும் பின்னும் ஓடும் ‘ஸ்லைடு’ என்னும் பாகத்தின் பள்ளங்களுக்குள் பொருந்திப் பூட்டிக்கொண்டிருப்பதால், முதலில் இரண்டும் ஒன்றாகவே பின்வாங்குகின்றன. சில மில்லிமீட்டர் தூரம் சென்றதும், குழலின் அடியில் ஊஞ்சற் சங்கிலிபோல் தொங்கும் ஒரு சிறு கண்ணி குழலைக் கீழே இழுத்துப் பூட்டை அவிழ்த்துவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னோக்கி ஓடி, வெற்றுத் தோட்டாவைக் கொக்கியால் பற்றி இழுத்து வெளியே எறிந்துவிட்டு, சுருள்வில்லின் உந்துதலால் திரும்பி வரும் வழியில் புதிய தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு மீண்டும் பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. 1911-இல் நடந்த பரீட்சையில் இந்த மாதிரி பிஸ்டல் ஒன்றால் 6,000 குண்டுகளைச் சுட்டார்கள். சூடு தாங்காமற் போகும்போதெல்லாம் அதைத் தண்ணீரில் முக்கி ஆற்றினார்கள். ஒரு முறையும் அது தடைப்படவில்லை. இவ்வளவு உறுதியான பொருளை இன்னும் ஏழு குண்டுகள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார்.

அதற்கு விடை தேடுகிறவர் துப்பாக்கிச் சாலையை விட்டு ரயில் பாதைக்குப் போக வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், ரயில் வண்டிகளின் அச்சுகள், தாம் தாங்கக்கூடிய பாரத்துக்கு வெகு குறைவான பாரத்தையே தாங்கி ஓடிக்கொண்டிருந்தும், சில வருஷங்களுக்குப்பின் திடீரென்று முறிந்துபோவதைக் கண்ட அகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய எஞ்சினியர், பல ஆண்டுகள் பொறுமையாகப் பரிசோதனைகள் செய்து, உலோகத்துக்கும் அயர்ச்சி உண்டு என்பதை ஐயமற நிலைநாட்டினார். ஒரு முறை வளைத்தால் முறியாத கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறதல்லவா? அதுபோல, பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், எங்கேனும் ஒரு கூர்மையான உள்மூலையிலோ பழைய துருக்குழியிலோ தொடங்கிய நுண்ணிய பிளவு மயிரிழையினும் மெல்லியதாக முன்னேறுகிறது. எஃகில் ஒரு விசேஷம் உண்டு: அதன்மேல் விழும் பாரம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்குமானால், எத்தனை லட்சம் முறை ஏறி இறங்கினாலும் பிளவு தோன்றுவதில்லை. பிஸ்டலின் தடித்த பாகங்களில் பெரும்பாலான இடங்கள் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன; அதனால்தான் அது 6,000 குண்டுகளுக்கு ஈடு கொடுத்தது. ஆனால் கொக்கி, ஊசியின் முனை, கண்ணி, பூட்டு வரப்புகளின் மூலைகள் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு முழுவதும் கிடையாது. மேலும், யுத்த காலத்து ஸ்லைடுகள் இன்று செய்யப்படுபவைபோல் முழுவதும் ஒரே சீராகக் காய்ச்சிக் கடினமாக்கப்பட்டவை அல்ல. சில இடங்களை மட்டும் கடினமாக்கி, மற்ற இடங்களை மெத்தென்று விட்டிருந்தார்கள். எத்தனையாவது குண்டில் எந்தப் பாகம் முறியும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. பாகம் முறிகிற கணம் வரையில் பிளவு கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிடும் இயல்புடையது.

முறிந்தால் என்ன, வேறு பாகம் போட்டுக்கொள்ளலாமே என்றால், போட்டுக்கொள்ளலாம். ரெமிங்டன் ராண்ட் செய்த கொக்கி ஸிங்கரின் ஸ்லைடில் அப்படியே பொருந்தும், பொருந்த வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் பெருமை. ஆயினும் அந்தக் கணத்திலிருந்து அது முழு ஸிங்கராக இராது. இந்த விஷயம் ஜெர்மனியின் லூகர் பிஸ்டலில் இன்னும் தெளிவாகப் புலப்படும். ஜியார்ஜ் லூகர் வகுத்து, 1908-இல் ஜெர்மானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தப் பிஸ்டல், மடங்கி நிமிரும் முழங்காலைப் போன்ற ஒரு மூட்டினால் இயங்குவது. அதன் பாகங்களை ஒன்றோடொன்று கையால் இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தபடியால், சட்டத்திலும் குழலிலும் முழு எண்ணையும், சிறு பாகங்கள் ஒவ்வொன்றிலும் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையும் பொறித்தார்கள். எல்லா இலக்கங்களும் ஒத்திருக்கும் லூகருக்கு ஒரு மதிப்பு. விரல் நக அளவுள்ள ஒரு பாகம் வேறு எண்ணுடன் இருந்தாலும் வேறு மதிப்பு. அந்தச் சிறு பாகம் முறிந்து விழும் சப்தம் வெடிச்சத்தத்தில் கேட்கக்கூடக் கேட்காது.

லூகரைப் பற்றிப் பேசும்போது அதன் வர்ணத்தையும் சொல்லாமல் போக முடியவில்லை. 1937 வாக்கில் முறை மாறும் வரையில், அதன் விசை, காவல் நெம்பு, மேகஸினைப் பிடித்திருக்கும் பொத்தான் முதலிய சில சிறு பாகங்கள் மட்டும் வைக்கோலின் பொன்மஞ்சள் நிறத்தில் மிளிரும். எஞ்சியவை ஆழ்ந்த நீலக் கறுப்பு. இது சாயமன்று. வீட்டிலுள்ள தையல் ஊசி ஒன்றை இடுக்கியால் பிடித்துச் சிறு சுடரின் ஓரத்தில் மெல்ல மெல்லக் காட்டிப் பாருங்கள்: பளபளக்கும் எஃகின்மேல் முதலில் வெளிறிய மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு மயிற்கழுத்தின் நீலம், கடைசியில் மங்கிய சாம்பல் நிறம். ஏறத்தாழ 220 டிகிரியில் மஞ்சளும் 300 டிகிரியில் நீலமும் தோன்றும். காற்றிலுள்ள பிராணவாயு இரும்போடு கூடி மேலே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்களை அழித்துச் சிலவற்றை ஓங்கச் செய்வதால், சோப்புக் குமிழியிலும் மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயிலும் தோன்றும் அதே நியாயப்படி இந்த நிறங்கள் தோன்றுகின்றன. அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் சில பங்குகளே. அத்தனை மெல்லிய வஸ்துவைக் கையுறையற்ற விரல் நாள்தோறும் தேய்த்தால் அது எத்தனை காலம் நிற்கும்?

பழைய துப்பாக்கிகளின் கருநீலப் பூச்சும் பூச்சன்று. அதுவும் இரும்பின் உருமாற்றமே. பழைய முறையில், எஃகின்மேல் வேண்டுமென்றே செந்துருவை வளரவிட்டு, கொதிக்கும் நீரில் இட்டு, அந்தச் செந்துருவைக் காந்தக்கல்லின் இனமான கருந்துருவாக மாற்றி, தளர்ந்த பொடியைக் கம்பித் தூரிகையால் துலக்கி, மறுபடியும் துருப்பிடிக்கவிட்டு, மறுபடியும் கொதிக்கவைத்து, இப்படிப் பல தரம் செய்வார்கள். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் இந்த யுக்தி என்னை எப்பொழுதும் வியப்பில் ஆழ்த்துவது. ஸிங்கர் பிஸ்டல்களும் நீலம் ஏறியவையே. யுத்தம் முற்றியபின் மற்றவர்கள் செய்தவற்றுக்கோ, வேகத்தை முன்னிட்டு, சாம்பல் நிறமான பாஸ்பேட் படலமே கிடைத்தது. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று பின்னர் நேர்ந்தது: பழுது பார்க்க ராணுவச் சாலைகளுக்குத் திரும்பி வந்த பிஸ்டல்களைக் கழற்றிப் பாகங்களைத் தொட்டிகளில் கலந்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தி, எல்லாவற்றுக்கும் புதிதாகப் பாஸ்பேட் ஏற்றி அனுப்பினார்கள். போர்வீரனுக்கு அது போதுமானதே. ஆனால் ஐந்நூறில் பலவற்றின் முதல் நீலம் அங்கேயே போயிற்று.

இனி, சுடுவதால் வரும் சேதத்தைவிட, சுட்டபின் செய்யும் காரியங்களால் வரும் சேதமே பெரிது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். சுட்ட பிஸ்டலைக் கழற்றித் துடைத்தே ஆக வேண்டும். இந்த .45 பிஸ்டலின் இடப்பக்கத்தில் ஸ்லைடை நிறுத்திவைக்கும் ஒரு நெம்பு இருக்கிறது; திரும்பப் பூட்டும்போது, அந்த நெம்பின் தண்டைக் கண்ணியின் துவாரத்துக்குள் செலுத்தி, வில்லால் தாங்கப்பட்ட ஒரு சிறு முளையை அமுக்கிக்கொண்டே, நெம்பை மேலே நெட்டி அமர்த்த வேண்டும். இதில் சற்றே அவசரப்பட்டவர் கையில் நெம்பின் முனை சட்டத்தின்மேல் உரசி, பிறைச்சந்திரனின் கீற்றைப்போல் ஒரு வளைந்த கோட்டைக் கிழித்துவிடும். அமெரிக்கர் இதற்கு ‘முட்டாளின் கீறல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எண்பது வருஷம் தப்பிவந்த நீலத்தை ஒரு மாலைப்பொழுதின் அஜாக்கிரதை இப்படி அறுத்துவிடுகிறது. அந்தக் கீறலை மறைக்க எண்ணி, மெருகேற்றிப் புதிதாக நீலம் ஏற்றுபவரோ அதனினும் பெருங்கேட்டைச் செய்கிறார்: மெருகுச் சக்கரம் எழுத்துகளின் ஓரங்களையும் தொழிலாளியின் அரத் தழும்புகளையும் வழித்துக்கொண்டு போய்விடுகிறது. எலிஸபெத் நகரத்துத் தொழிற்சாலையில் எந்தக் கருவி எப்படி ஓடியது என்பதற்கு இன்று எஞ்சியுள்ள சாட்சி அந்தத் தழும்புகள்தாம்.

பழைய தோட்டாக்களைப் பாட்டனாரின் பெட்டியிலேயே கண்டு, அவற்றையே சுடத் துணிபவருக்கு வேறோர் அபாயம் காத்திருக்கிறது. யுத்த காலத்து .45 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்ந்திருந்தது. அது எரிந்தபின் குழலின் உட்புறத்தில், நம் சோற்றுப்புக்கு உடன்பிறப்பான பொட்டாசியம் குளோரைடைப் படியவிட்டுச் செல்கிறது. ஈரக்காற்றில் அந்த உப்பு கசிந்து, எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளாகிறது. அத்தகைய துளி ஒன்றின் அடியில் நடப்பதைக் கேம்பிரிட்ஜில் ஈவன்ஸ் என்ற ரசாயன அறிஞர் அழகாக விளக்கிக் காட்டினார்: துளியின் ஓரத்தில் காற்றுத் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை, இந்த வேற்றுமையால் துளி ஒரு சிறு மின்கலமாக மாறி, காற்றில்லாத நடுப்பகுதியில் இரும்பு கரைந்து குழி விழ, இடையே வளையமாகத் துரு படிகிறது. எண்ணெயை எவ்வளவு தேய்த்தாலும் உப்பு கரையாது. தண்ணீரே அதைக் கரைக்கும். எனவேதான் அக்காலத்துப் போர்வீரருக்குத் துப்பாக்கியை முதலில் தண்ணீரால் கழுவக் கற்பித்தார்கள். வியர்த்த விரல் பதித்த ரேகையும் அத்தகைய உப்புத் துளிகளின் வரிசைதான். நீலம் ஏறிய பரப்பில் யாரோ ஒருவரின் கட்டைவிரல், துருவால் எழுதிய கையெழுத்தாக நிரந்தரமாக நின்றுவிட்ட பிஸ்டல்கள் உண்டு.

இவ்வளவும் சொன்னபின், சுடவே கூடாது என்பது என் முடிவு என்று வாசகர் கருதக்கூடும். எல்லாத் துப்பாக்கிக்கும் அல்ல. வயலின்களின் உலகத்தில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வயலின் மேதை பகனீனி வாசித்து, தம் ஜெனோவா நகருக்கு விட்டுச்சென்ற, 1743-இல் குவர்னேரி செய்த ‘பீரங்கி’ என்ற வயலினை, அவர் பெயரால் நடக்கும் போட்டியில் வென்றவர் கையில் கொடுத்து இன்றும் வாசிக்கச் செய்கிறார்கள். 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘மெஸையா’ என்பதையோ ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் காட்சிசாலையில் ஒருவரும் வாசிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒன்று நாதத்துக்குச் சாட்சி. மற்றொன்று, தச்சன் கையை விட்டு நீங்கிய நாளில் வார்னிஷும் விளிம்பும் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி. இரண்டு முடிவுகளும் சரியானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வயலினுக்குள்ள ஒரு வாதம் துப்பாக்கிக்கு இல்லை. பகனீனியின் வயலின் எழுப்பும் நாதத்தை வேறொரு வயலின் எழுப்பாது. ஸிங்கரின் பிஸ்டல் எழுப்பும் சத்தத்தையும், அதன் உதைப்பையும், கண்ணி இறங்கிக் கொக்கி இழுக்கும் அந்த அற்புதமான ஒழுங்கையும், ரெமிங்டன் ராண்ட் செய்த எட்டு லட்சத்தில் ஒன்று எள்ளளவும் குறையாமல் காட்டிவிடும். ஒன்றுக்கு ஒன்று பேதமில்லாமல் செய்வதற்காகத்தானே அத்தனை கம்பெனிகளும் பாடுபட்டன? சுடுவதால் ஸிங்கரிடமிருந்து நாம் தெரிந்துகொள்ளக்கூடிய புதிய விஷயம் ஒன்றுகூட இல்லை. தெரிந்துகொள்ளக்கூடியது எல்லாம் அதன் மேற்பரப்பில் இருக்கிறது.

ஆகவே, முதல் நீலமும் முதல் பாகங்களும் மாறாத ஸிங்கர் கையிலிருந்தால் அதைச் சுடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ராணுவச் சாலையில் பாகங்கள் கலந்து, பாஸ்பேட் ஏறி வந்த சாதாரணப் பிஸ்டலாயின், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் காட்டி, வில்களைப் புதுப்பித்து, மிதமான புதுத் தோட்டாக்களைப் போட்டு, மனநிறைவாகச் சுடலாம். ‘ஒரு முறைகூடச் சுடப்படாதது’ என்ற பெருமைக்காகக் காப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ராணுவப் பிஸ்டல் ஒவ்வொன்றையும் அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள பரீட்சைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, முத்திரை குத்திய பின்னரே தொழிற்சாலையை விட்டு வெளியே அனுப்பினார்கள்.

காப்பது என்றால் எடுத்து மூடிவைப்பது என்று பொருளன்று. பாட்டனார் தோல் உறையோடு வைத்திருந்தார் என்பதற்காக அதே உறைக்குள் வைத்திருப்பது பெரும் பிழை. தோலைப் பதனிட்ட அமிலங்களும் உப்புகளும், அது காற்றிலிருந்து உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து, உறை தொடும் இடமெல்லாம் எஃகைத் தின்னும். உறையும் சரித்திரச் சின்னமே, ஆனால் அது வேறு பெட்டியில் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே நின்றால் துரு வெகுவாக அடங்கிவிடும். நாளடைவில் கெட்டியாகிவிடும் எண்ணெய்க்குப் பதிலாக, லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தார் உருவாக்கிய நுண்படிக மெழுகு வகையை மெல்லிய துணியால் ஒரே ஒரு பூச்சாகத் தடவிவிட்டால் விரல் ரேகையும் ஈரமும் எஃகைத் தீண்டமாட்டா. தடவும் கைக்கு உறை அவசியம். இருபுறமும், முத்திரைகள் ஒவ்வொன்றையும், நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைக்க வேண்டும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பாட்டனார் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த ஊர் விமான நிலையத்தில், எந்த ஆண்டில் இது அவர் கைக்கு வந்தது என்று குடும்பத்தில் வயது முதிர்ந்தவர் யாராவது ஞாபகம் வைத்திருப்பார். அவர் இருக்கும்போதே அதைக் கேட்டு, அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதி, ‘மெருகேற்ற வேண்டாம், கழற்ற வேண்டாம்’ என்ற இரண்டு வரிகளையும் அடியில் சேர்த்து, எண்ணைக் குறித்து, பிஸ்டலின்மேல் படாதபடி பெட்டியின் மூடிக்குள் ஒரு தனி உறையில் வைத்துவிடலாம்.